இடையிசைக்கு இடம் விடாதீர்கள்

(பதில் சொல்பவர்: கும்பகோணத்தில் ஒலிப்பதிவுக் கூடம் நடத்தும் ஒலிப்பொறியாளர்)

கேள்வி: அண்ணா, நான் மன்னார்குடி பக்கம். 14 வருடமாக ஒரு மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எல்லாம் பாடியாயிற்று. ஜானகியம்மா பாட்டு, சித்ராம்மா பாட்டு என்றால் எங்கள் பக்கம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கொஞ்ச நாளாக நானே எழுதி மெட்டுப் போட்டு நாலு பாட்டு வைத்திருக்கிறேன். கச்சேரி முடிந்து விடியற்காலையில் வேனில் திரும்பி வருவது, நடவுக்குப் போகும் அம்மா, இந்த மாதிரி விஷயங்கள். இரண்டு பாட்டுக்கு எங்கள் கீபோர்டு தம்பி மெட்டைச் சரிசெய்து கொடுத்தான். போனில் பாடி அனுப்பியிருக்கிறேன். சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் ரிதம், புல்லாங்குழல், வயலின் எல்லாம் சேர்த்து ஆல்பமாகப் பண்ணலாம் என்கிறான் தம்பி. என் கையில் இருப்பது நகைச் சீட்டுப் பணம் மட்டும்தான். கூடவே ஒரு பழைய சினிமாப் பாட்டையும் பாடிப் போட்டால் ஆட்கள் வருவார்களா? குழு நடத்தும் அண்ணனுக்குத் தெரிந்தால் கோபப்படுவாரோ என்று பயம். எல்லாவற்றுக்கும் மேலே, போனில் கேட்டால் என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நாலு பாட்டையும் ஹெட்போனில் கேட்டேன். வேன் பாட்டையும் அம்மா பாட்டையும் திரும்பத் திரும்பக் கேட்டேன். முதலில் பாட்டைப் பேசிவிடுவோம். பணமும் அண்ணனும் அப்புறம்.

வேன் பாட்டில் பல்லவி முடிந்ததும் நீங்கள் சும்மா இருக்கிறீர்கள். கொஞ்ச நேரம் இல்லை, நன்றாக எட்டு பார், அதாவது தாளம் எட்டுச் சுற்று. மெல்லத் தொண்டையைச் செருமுவது கேட்கிறது, நோட்டுப் பக்கத்தைத் திருப்புவது கேட்கிறது. அப்புறம்தான் சரணம். அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. 14 வருடமாக அங்கே கீபோர்டும் கிட்டாரும் இடையிசை வாசித்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த சரணத்துக்குத் தயாராகியிருப்பீர்கள். உடம்புக்கு அது பழகிப்போய்விட்டது. வாசிக்க ஆளே இல்லாத பாட்டிலும் அவர்களுக்காகக் காத்திருக்கிறீர்கள். சரணத்தின் கடைசி எழுத்தை இழுத்து ஒரு பிருகா வேறு, டிரம்ஸ்காரர் உருட்டி முடிப்பதற்காக. பாட்டு முடிந்ததும் ‘தேங்க்யூ’ என்று ஒரு வார்த்தை. அதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

குழுவில் பாடுகிறவர்கள் தனியாகப் பாட வரும்போது குழுவையும் மனதுக்குள் கூட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். ஆள் இல்லாத இடம் காலியாகத் தெரிகிறது. காலியாகத் தெரிந்தவுடன் புல்லாங்குழல் வேண்டும், வயலின் வேண்டும் என்று தோன்றுகிறது. தம்பி சொல்லும் யோசனையும் அங்கிருந்து வந்ததுதான். அந்த இடத்தை நிரப்பாதீர்கள், வெட்டிவிடுங்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை. பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி இடையிசை, இன்னொரு சரணம் என்கிற அமைப்பு சினிமாவுக்காக வந்தது. திரையில் ஆடவும், காட்சி மாறவும், நாயகி புடவை மாற்றவும் அந்த நேரம் வேண்டும். தூக்கக் கலக்கத்தில் வேன் ஜன்னலில் தலை சாய்த்திருக்கும் ஒருத்தியின் பாட்டுக்கு அது எதற்கு? இடைவெளிகளை எடுத்துவிட்டு ஒருமுறை பாடிப் பாருங்கள். நாலரை நிமிடப் பாட்டு மூன்று நிமிடத்துக்கும் கீழே வந்துவிடும். இரண்டாவது சரணத்தில் டீக்கடை வருகிறதே, அது அவசியமா என்று அப்போது உங்களுக்கே சந்தேகம் வரும். வந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது குரல். ரெக்கார்டு செய்த தன் குரல் முதலில் யாருக்கும் பிடிக்காது. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் அல்லாமல் மண்டை எலும்பு வழியாகவும் நம் காதுக்கு வருகிறது. அதில் கீழ்ச்சத்தம் கூடுதல். ரெக்கார்டில் அது இருக்காது, அதனால் குரல் மெலிந்து கேட்கும். போதாததற்கு மேடையில் நீங்கள் கேட்பது எக்கோ போட்ட குரலை, மானிட்டர் பாக்ஸ் வழியாக. எக்கோ இல்லாமல் உங்களை நீங்களே முழுசாகக் கேட்டது இந்தப் போன் பதிவில்தான் என்று நினைக்கிறேன். அதற்குக் காது பழகிவிடும், கவலை வேண்டாம்.

பழகாமல் போகக்கூடியது வேறொன்று. நீங்கள் அனுப்பிய நாலில் மூன்று பாட்டு அஞ்சரைக் கட்டைச் சுருதியில் இருக்கிறது. கச்சேரியில் ஒரிஜினல் சுருதியில்தான் பாட வேண்டும். ஜானகியம்மா எந்தக் கட்டையில் பாடினாரோ அதே கட்டை, சித்ராம்மாவுக்கு அவர் கட்டை. அரைக் கட்டை இறக்கினாலும் முன்வரிசையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அதனால் எங்கே எடுத்தாலும் உச்சத்தில் எடுக்கிறீர்கள். அம்மா பாட்டு மட்டும் நாலு கட்டையில் இருக்கிறது. ராத்திரி பிள்ளைகள் தூங்கும்போது பாடினீர்களோ என்னவோ, சத்தம் அடங்கியிருக்கிறது. ‘நாத்துமுடி’ என்று கீழே இறங்கும் வார்த்தையைப் பாதி பாட்டாகவும் பாதி பேச்சாகவும் விட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தையில் ஜானகியம்மாவும் இல்லை, சித்ராம்மாவும் இல்லை. அது நீங்கள்.

அதனால் மற்ற மூன்றையும் நாலு கட்டைக்கு இறக்குங்கள். தம்பியிடம் சொன்னால் டிரான்ஸ்போஸ் மைனஸ் 3 என்று ஒரு பொத்தானில் மாற்றிக் கொடுப்பான். போனில் தம்பூரா ஆப் போட்டும் பாடலாம். இரண்டு வாரம் வேறு எதையும் மாற்றாமல் அந்தக் கட்டையில் தினம் பாடுங்கள். முதல் சில நாள் சோம்பலாகப் பாடுவது போல இருக்கும், சத்தமே வரவில்லை என்று தோன்றும். நாலு கட்டையும் இன்னும் மேலே என்று பட்டால் மூன்றுக்குப் போங்கள். கட்டை இறங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துக் காது கணீர்க் குரலுக்குப் பழகின காது. சீர்காழி கோவிந்தராஜனும் நாகூர் ஹனிபாவும் பாடிய மண் இது. குரல் என்றால் தெருக்கோடி வரை கேட்க வேண்டும் என்பது இங்கே கிட்டத்தட்ட சட்டம். நீங்கள் கீழே இறங்கிப் பாடினால் வீட்டிலேயே ‘ஏன் முணுமுணுக்கிறே?’ என்பார்கள். இதே மண்ணில் தனிக் குரலுக்கும் பழக்கம் உண்டு. சாயரட்சை நேரத்தில் ஏதாவது ஒரு சிவன் கோயிலில் ஓதுவார் தேவாரம் பாடுவதைப் போய்க் கேளுங்கள். தாளம் இல்லாமல் விருத்தமாகப் பாடும்போது ஒரு அடி முடிந்து அடுத்த அடி எடுக்கும் வரை அவர் எவ்வளவு நேரம் நிற்கிறார், அந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். அவர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். மூச்சு வந்ததும் எடுப்பார். உங்கள் எட்டு பாருக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே புரிந்துவிடும், நான் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம்.

சென்னை ஸ்டுடியோவுக்கு வருவோம். தம்பி உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறான். ஆனால் இந்தப் பாட்டுகளுக்கு வயலின் சேர்ப்பது பழைய சோற்றில் நெய் ஊற்றுவது மாதிரி. இரண்டும் வீணாகும். அவனுக்கு ஒரு கதை சொல்லுங்கள். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூ ஜெர்சியில் வாடகைக்கு இருந்த வீட்டில் உட்கார்ந்து, கேசட்டில் நாலு டிராக் பதியும் ஒரு சின்ன டியாக் மெஷினில் புதுப் பாட்டுகளைத் தனியாகப் பாடி வைத்தார். தன் குழுவுக்குப் போட்டுக் காட்டத்தான் அந்த டெமோ பதிவு. பிறகு ஈ ஸ்ட்ரீட் பேண்டைக் கூட்டி அதே பாட்டுகளை ஸ்டுடியோவில் வாசித்துப் பார்த்தார்கள். மேடையைக் கிடுகிடுக்க வைக்கும் குழு அது. ஆனாலும் கேசட்டில் இருந்தது ஸ்டுடியோவில் வரவில்லை. கடைசியில் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்த அந்தக் கேசட்டையே செப்டம்பரில் ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக வெளியிட்டார்கள். மைக் இரண்டும் ஷூர் எஸ்எம்57. உங்கள் மேடையில் நிற்கும் எஸ்எம்58க்குக் கூடப்பிறந்தது.

எங்கள் தொழிலில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். மட்டமான பதிவே போதும் என்று இதைப் புரிந்துகொள்கிற ஆட்கள் நிறைய. அந்தக் கேசட்டிலிருந்து இசைத்தட்டு வெட்டுவதற்குள் அங்கே பொறியாளர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. உங்கள் பதிவு சுத்தமாகவே இருக்கட்டும், ஆள் மட்டும் குறைவாக இருக்கட்டும். அம்மா பாட்டுக்குத் தம்பூராகூட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வேன் பாட்டுக்குத் தம்பி ஒரே கையால் நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வாசித்தால் போதும். ஸ்ட்ரிங்ஸ், பிராஸ் பொத்தான்கள் பக்கம் அவன் கை போகாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதிவை வீட்டிலேயே செய்யலாம். போன் மட்டும் போதாது. நீங்கள் பாடும்போது மின்விசிறிச் சத்தம் அடங்குகிறது, நிறுத்தினதும் எழும்பி வருகிறது. போன் தானாகவே அளவைக் கூட்டிக் குறைக்கும், அதனால் வந்த வினை. ஒரு மைக் மாட்டக்கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) சுமார் 10,000 ரூபாயிலேயே கிடைக்கிறது. லேப்டாப் தம்பியிடம் இருக்கும். மைக் புதிதாக வாங்க வேண்டாம். கண்டென்சர் மைக் வாங்குங்கள் என்று யூடியூபில் சொல்வார்கள். அது பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் சேர்த்து எடுக்கும். உங்கள் கச்சேரி மைக்கே போதும், அது கிட்டத்தில் இருப்பதை மட்டும்தான் நன்றாகப் பிடிக்கும். ஆனால் மேடையில் பிடிப்பது போல உதட்டில் ஒட்டிப் பிடிக்காதீர்கள். ஒட்டினால் கீழ்ச்சத்தம் ஊதிப் பெருத்துவிடும். ஸ்டாண்டில் மாட்டி, நாலைந்து விரல் தள்ளி, வாயின் ஓரத்துக்கு நேராக வையுங்கள். ‘ப’ எழுத்தில் காற்று அடிக்காது. உச்சத்தில் மைக்கை விட்டு முகத்தைத் திருப்பும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. மேடையில் அது சரி, இங்கே வேண்டாம். உச்சத்தைக் குரலிலேயே குறைத்துப் பாடுங்கள். அளவை 24 பிட்டில், அதிகபட்சச் சத்தமே மைனஸ் 10 டெசிபல் பக்கம் நிற்கும்படி வைத்தால் போதும். பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

அறைதான் முக்கியம். டைல்ஸ் போட்ட, சாமான் இல்லாத புது அறை வேண்டவே வேண்டாம், கிணற்றுக்குள் பாடுவது போல எதிரொலிக்கும். உங்கள் வீட்டில் நெல் மூட்டை அடுக்கிய அறை இருக்கிறதா? அறுவடைக்குப் பிறகு விற்காமல் வைத்திருக்கும் மூட்டைகள் இருந்தால் அதைவிட நல்ல பதிவு அறை மன்னார்குடியில் கிடையாது. சாக்கும் நெல்லும் சத்தத்தைக் குடித்துவிடும். மூட்டைகளைப் பார்த்து நின்று பாடுங்கள், உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு கொடியில் கனமான ஜமுக்காளத்தைத் தொங்கவிடுங்கள். மூட்டை இல்லாவிட்டால் துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் எதிரே நில்லுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பழைய சோக்கு வைத்த டியூப்லைட் இருந்தால் அதையும். ரீங்காரம் கேட்காத மாதிரி இருக்கும், பதிவில் கேட்கும்.

நேரத்தை நம் ஊரை அறிந்துதான் வைக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மழையும் தவளையும் விடாது. தையில் அறுவடை இயந்திரம் ராத்திரியிலும் ஓடும். கோடையில் எங்காவது ஒரு பம்புசெட். ஆடியில் மாரியம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கியை நான் சொல்ல வேண்டியதில்லை, பல ஊரில் அதில் பாடுவதே நீங்கள்தான். மார்கழிதான் உங்களுக்குத் தோது. கல்யாணம் இல்லை, மழை ஓய்ந்திருக்கும், குளிருக்கு மின்விசிறி வேண்டாம். ராத்திரி பதினொன்றிலிருந்து மூன்று வரை எடுங்கள். நாலரைக்குத் திருப்பாவை ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் விழித்திருப்பது உங்களுக்குப் புதிதில்லை.

சினிமாப் பாட்டைச் சேர்க்கும் யோசனை வேண்டாம். ஏற்கெனவே வெளிவந்த பாட்டைத் திரும்பப் பாடி வெளியிடக் காப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவில் ஒரு வழி இருக்கிறது. ஆனால் முதல் ஒலிப்பதிவு வந்த ஆண்டு முடிந்து 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கு உரிய ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். நமக்கு ஆகிற காரியமில்லை. கரோக்கி டிராக் போட்டுப் பாடினால் யூடியூப் அதை அடையாளம் கண்டு வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடும். சட்டத்தைவிட எனக்குப் பெரிய காரணம் வேறு. அந்த ஒரு பாட்டில் நீங்கள் மறுபடி ஜானகியம்மாவாகிவிடுவீர்கள். கேட்கிறவர்களும் அதைப் பாராட்டிவிட்டு மற்ற நாலையும் தாண்டிப் போய்விடுவார்கள்.

பழைய பாட்டு ஒன்று வேண்டும் என்று ஆசையாக இருந்தால் நம் பக்கத்திலேயே உரிமைக் கவலை இல்லாதவை கிடக்கின்றன. மாயவரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1889இல் காலமானவர். கோபாலகிருஷ்ண பாரதியும் அந்த நூற்றாண்டுக்காரர்தான். எழுதியவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்து 60 ஆண்டு வரைதான் உரிமை. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்ததால் அவர் பாட்டுகளுக்கு 2033 முடியும் வரை உரிமை இருக்கிறது, அங்கே மட்டும் கவனம்.

தம்பி மெட்டைச் சரிசெய்த இரண்டு பாட்டுக்கும் இப்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வரி யாருடையது, மெட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு, பதிவுச் செலவு யார் செய்தது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல். அக்கா தம்பி என்று பழகுகிறவர்களுக்குள் இதெல்லாம் எதற்கு என்று கூச்சப்படாதீர்கள். பாட்டு ஓடாதபோது எந்தச் சண்டையும் வராது, ஓடினால்தான் வரும். அப்புறம், ஏதாவது ஒரு ஆடியோ கம்பெனி ஒப்பந்தத்தோடு வந்தால் எத்தனை வருடத்துக்கு என்கிற வரியை முதலில் தேடுங்கள். காலம் எழுதாத ஒப்பந்தம் சட்டப்படி 5 ஆண்டுக்குத்தான் செல்லும். அதனால்தான் தெரிந்தவர்கள் ‘உரிமைக் காலம் முழுவதும்’ என்று எழுதிக்கொண்டு வருவார்கள். பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிய ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்துவிடவே முடியாது என்று 2012 திருத்தத்தில் இருக்கிறது. வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது.

அண்ணன் விஷயம். அவருக்கு வாட்ஸ்அப்பில் வந்து தெரியக் கூடாது, உங்கள் வாயால் தெரிய வேண்டும். கச்சேரி அன்றைக்கு வேண்டாம். அட்வான்ஸ் வாங்கி, வண்டி பேசி, ஜெனரேட்டர்காரனோடு மல்லுக்கட்டும் நேரத்தில் எந்த நல்ல செய்தியும் கெட்ட செய்தியாகத்தான் கேட்கும். கணக்குப் பார்த்துச் சம்பளம் கொடுக்கும் சாவகாசமான நாளில் வீட்டுக்குப் போய், அண்ணியும் இருக்கும்போது சொல்லுங்கள். குழு நடத்துகிறவருக்குப் பயம் இரண்டுதான். தேதி கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் வர மாட்டீர்களோ என்பது ஒன்று, கீபோர்டுக்காரனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவீர்களோ என்பது இன்னொன்று. கேட்பதற்கு முன்னால் அந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுங்கள். தை முதல் ஆடி வரை ஒரு தேதியும் தவறாது, பதிவு மார்கழியில் மட்டும், தம்பி அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் வருவான் என்று. குழுவின் பெயரை ஆல்பத்தில் போடுவதா வேண்டாமா என்று அவரிடமே கேளுங்கள். 14 வருடம் மேடை கொடுத்தவர், கேட்பதே அவருக்கு மரியாதை.

தனியாகப் பாடினால் குழுவை விட்டு விலகியே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. ரேடியோஹெட் பாடகர் தாம் யார்க் 2006இல் தனி ஆல்பம் போட்டார், அடுத்த வருடமே குழுவின் புது ஆல்பம் வந்தது. பிக் தீஃப் குழுவின் ஏட்ரியன் லெங்கர் 2020இல் கொரோனாவால் சுற்றுப்பயணம் நின்றுபோனபோது மாசசூசெட்ஸில் ஒரே ஒரு அறை கொண்ட மரவீட்டில் இருந்து தன் பாட்டுகளை டேப்பில் பதிவு செய்தார். பெரும்பாலும் குரலும் கிட்டாரும், நடுநடுவே பறவைச் சத்தம். 2022இல் அதே குழுவோடு 20 பாட்டு கொண்ட இரட்டை ஆல்பம். அவர்களுக்கு வருமானம் வேறு, வசதி வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்கும் சோறு போடுவது கச்சேரிதான். அதை விட்டுவிடுங்கள் என்று யாராவது உசுப்பேற்றினால் கேட்காதீர்கள்.

ஆனால் ஒன்று. அண்ணன் பெருந்தன்மையாக ‘உன் பாட்டையும் ஒண்ணு கச்சேரியில எடுத்து விடும்மா’ என்பார். எடுத்து விடாதீர்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆடத் துடித்துக்கொண்டிருக்கும் கூட்டத்தின் நடுவே அம்மா பாட்டைப் பாடினால் முதல் வரியிலேயே விசில் பறக்கும். கூட்டத்தின் மேல் தப்பு இல்லை, அவர்கள் வந்தது வேறொன்றுக்கு.

யார் கேட்பார்கள் என்கிறீர்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்ற டிஸ்ட்ரிபியூட்டர் கம்பெனிகள் இருக்கின்றன, செலவு அதிகம் இல்லை, ஏற்றிவிடுங்கள். பணத்தை எதிர்பார்க்காதீர்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டால்தான் கணக்கிலேயே வரும். இதைத் தெரிந்துகொண்டு, ‘இத்தனை ஆயிரம் கொடுங்கள், ஒரு லட்சம் தடவை ஓட்டிக் காட்டுகிறோம்’ என்று ஆட்கள் வருவார்கள். அவர்கள் ஓட்டுவது மெஷினை வைத்து. கண்டுபிடித்தால் பாட்டையே எடுத்துவிடுவார்கள். ஒரு பைசா கொடுக்க வேண்டாம். வானொலியை மறந்துவிடாதீர்கள். திருச்சி நிலையம் 1939 முதல் இருக்கிறது, காரைக்காலிலும் நிலையம் உண்டு. மெல்லிசைக்குக் குரல் தேர்வு எப்போது என்று நேரில் போய் விசாரியுங்கள். தேர்வுக்கு நாலு கட்டையிலேயே போங்கள்.

எனக்கு அதைவிட நம்பிக்கை முற்றம் வைத்த வீட்டின் மேல். உங்கள் பக்கம் இன்னும் பழைய வீடுகள் இடிபடாமல் இருக்கின்றன. தெரிந்தவர் வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து முப்பது பேரைக் கூப்பிடுங்கள். மைக்கே வேண்டாம். மைக் இல்லாமல் பாட முடியாது என்று தோன்றினால் ஒரே ஒரு சின்ன பாக்ஸ், எக்கோ பொத்தான் பூஜ்யத்தில். நாலு பாட்டு, நடுவில் காபி, மறுபடி அதே நாலு பாட்டு. இரண்டாவது தடவை பாடும்போது எந்த வரியில் ஆட்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள், எந்த வரியில் போனை எடுக்கிறார்கள் என்று கண்ணுக்கு எதிரே தெரியும். அதைப் பார்த்துவிட்டுப் பாட்டைத் திருத்துங்கள். மார்கழிப் பதிவுக்கு முன்னால் இப்படி இரண்டு தடவையாவது பாடிவிடுவது நல்லது. உங்கள் அம்மாவை முதல் தடவை கூப்பிட வேண்டாம், இரண்டாவதுக்குக் கூப்பிடுங்கள். முதல் தடவை நீங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், வேறு ஒன்றும் கவனிக்க முடியாது.

நகைச் சீட்டு அப்படியே இருக்கட்டும். இன்டர்ஃபேஸ், ஒரு மைக் ஸ்டாண்ட், ஒரு ஹெட்போன், இதற்கு மேல் இந்த வருடம் செலவு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இன்டர்ஃபேஸைத் தம்பி பாதி போட்டு வாங்கினால் அவனுக்கும் உதவும், அதையும் அந்தத் தாளில் எழுதிவிடுங்கள். கடைசி மெருகு மட்டும் வேறு ஆள் காதால் ஒருமுறை பார்க்கப்பட வேண்டும். அதற்குச் சென்னை போக வேண்டாம். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், கோப்பை அனுப்பினால் போதும். சத்தத்தை ரொம்ப ஏற்றச் சொல்லாதீர்கள். தளங்கள் எப்படியும் எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடும், ஸ்பாட்டிஃபையில் அது மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு). ஏற்றினால் உங்கள் மூச்சுச் சத்தமும் பாட்டும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும், அவ்வளவுதான் லாபம்.

நாலு கட்டையில் வேன் பாட்டை இடைவெளி இல்லாமல் பாடி அனுப்புங்கள், கேட்டுவிட்டு எழுதுகிறேன். வேவ் கோப்பாக அனுப்புங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக வேண்டாம், அது சத்தத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்ட் என்று இணைத்தால் அப்படியே வந்து சேரும்.